ஏரி பார்த்த ஃப்ளாட்

ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் குசலம் விசாரித்து முடித்ததும் வரும் முதல் கேள்வி, "கல்கத்தாவுல இன்னும் வாடகை வீடுதானா?" என்பதுதான். பதினோரு வருஷமாக கார்டன் ரீச்சில் வாடகைக்குத்தான் இருக்கிறோம். ஊருக்கெல்லாம் வீட்டுக் கடன் சாங்ஷன் செய்கிறவனுக்குச் சொந்த வீடு இல்லை என்பது எங்கள் கிளையில் தேய்ந்து போன ஜோக்.

போன குளிர்காலத்தில் அந்த ஜோக்குக்கு ஒரு முடிவு கட்டிவிடலாம் என்று கிளம்பினோம். நகரத்தின் கிழக்கு ஓரத்தில், பைபாஸ் தாண்டி உள்ளே ஒரு ஃப்ளாட். இங்கே பில்டரை 'ப்ரோமோட்டர்' என்பார்கள். அந்த ப்ரோமோட்டர் எங்களை நேராக மூன்றாவது மாடி பால்கனிக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். நடுவே வரப்பு மாதிரி கரைகள், ஒரு சின்னப் படகு, கூட்டமாக நீர்க்காகங்கள். "லேக் வியூ சார்" என்றார். காட்டுமன்னார்கோவிலில் வீராணம் ஏரியைப் பார்த்து வளர்ந்தவன் நான். என் பலவீனம் அந்த ஆளுக்கு எப்படித் தெரிந்ததோ! விலையும் மற்ற இடங்களைவிடக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைவு. தங்கமணி என்னைப் பார்க்க, நான் தங்கமணியைப் பார்க்க, இரண்டு லட்சம் அட்வான்ஸ் கை மாறியது.

அடுத்த வாரம் பர்ச்சா வந்தது. நம் ஊர் பட்டா, சிட்டா மாதிரி இங்கே பர்ச்சா. அதில் ஒவ்வொரு 'தாக்' எண்ணுக்கும் எதிரே அந்த நிலம் என்ன வகை என்று ஒரு வார்த்தை இருக்கும். வாஸ்து என்றால் குடியிருப்பு. ஷாலி என்றால் நெல் வயல். புக்குர் என்றால் குளம். எங்கள் ஃப்ளாட் நின்ற தாக் எண்ணுக்கு எதிரே இருந்த வார்த்தை 'பேரி'.

பேரி என்றால் கரை கட்டிய மீன் ஏரி. (நம் ஏரிக்கு முன்னால் ஒரு 'ப்' போட்டால் பேரி. இதை வைத்து மொழி ஆராய்ச்சியில் யாரும் இறங்க வேண்டாம்.) ஆக, நாங்கள் ஏரியைப் பார்க்கும் வீட்டை வாங்கவில்லை. ஏரிக்குள்ளேயே வாங்கியிருக்கிறோம்.

எனக்கு அடிவயிறு கலங்கியதற்குக் காரணம் உண்டு. 2024 மார்ச் 17ஆம் தேதி நள்ளிரவு, எங்கள் கார்டன் ரீச்சில் அஸார் மொல்லா பாகான் என்ற இடத்தில், கட்டிக்கொண்டிருந்த ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று பக்கத்துக் குடிசைகள் மேல் சரிந்து விழுந்தது. பத்து பேருக்கு மேல் இறந்து போனார்கள். அனுமதி இல்லாத கட்டடம், குளத்தைத் தூர்த்துக் கட்டியது என்று பிறகு செய்திகள் வந்தன. அன்று விடியும்வரை ஆம்புலன்ஸ் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அதைக் கேட்ட காதோடு போய்த்தான் நான் பால்கனியில் நின்று பல்லைக் காட்டியிருக்கிறேன்.

எங்கள் பேட்டையைப் பற்றி இரண்டு வரி. கார்டன் ரீச் என்ற பெயர் ஹூக்ளி ஆற்றங்கரையில் வெள்ளைக்காரர்கள் தோட்ட பங்களா கட்டியதால் வந்தது. 1856ல் கம்பெனி அயோத்தி நவாபு வாஜித் அலி ஷாவின் ராஜ்ஜியத்தைப் பிடுங்கிக்கொண்டபோது அவர் வந்து குடியேறியதும் இங்கேதான், மட்டியாபுருஜ் பக்கம். 1887ல் சாகும்வரை இங்கேயே ஒரு குட்டி லக்னோவை நடத்தினார். பிரியாணி, தையல், பட்டம் விடுவது என்று அவர் கூட்டத்தோடு வந்தது இன்னும் மிச்சமிருக்கிறது. அப்புறம் கப்பல் கட்டும் தளம், தென்கிழக்கு ரயில்வே தலைமையகம், துறைமுகம். இங்கே ஏரி இருக்கிறது என்று சொன்னால் கல்கத்தாக்காரர்களே பாதிப் பேர் நம்ப மாட்டார்கள்.

ஆனால் இருக்கிறது. பெயர் முதியாலி. துறைமுகத்துக்குச் சொந்தமான சதுப்பு நிலம், சுமார் 80 ஹெக்டேர். சுற்றுவட்டாரத் தொழிற்சாலைக் கழிவுநீர் வந்து தேங்கிய இடம். யாருக்கும் வேண்டாத அந்த நிலத்தை மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று குத்தகைக்கு எடுத்து, வரிசையாகக் குளங்களாகப் பிரித்தது. கழிவுநீர் ஒரு குளத்திலிருந்து அடுத்ததற்கு மெதுவாக நகரும். தாக்குப்பிடிக்கும் மீன்கள் முதலில், மற்றவை பின்னால். ஆகாயத்தாமரையும் சுண்ணாம்பும் தங்கள் வேலையைச் செய்யும். கடைசியில் வெளியேறும் நீர் மணிகாலி கால்வாய் வழியாக ஹூக்ளிக்குப் போகும். கரையெல்லாம் மரம் வைத்து அதையே பூங்காவாக்கி டிக்கெட்டும் போட்டார்கள். இன்றைக்கு 'எக்கோ டூரிஸம்' என்று கோட்டு போட்டவர்கள் பேசுவதை அவர்கள் லுங்கியோடு எண்பதுகளிலேயே செய்துவிட்டார்கள். நிலத்தைத் திரும்பக் கேட்டு துறைமுகத்தோடு வழக்கும் நடந்தது. பல வருஷம் குழந்தைகளைப் படகு விடக் கூட்டிப்போன எனக்கு, அது சாக்கடை என்று தெரியவே தெரியாது.

பர்ச்சாவைப் பார்த்த பிறகு, முதியாலி வாசலில் டீ குடிக்கும் பெரியவர் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். இங்கே வயதானவரை 'காக்கா' என்று கூப்பிட வேண்டும், சித்தப்பா என்று அர்த்தம். (முதல் வருஷம் நான் பட்ட பாடு!) "நீ பால்கனியிலிருந்து பார்த்தால் என்ன தெரியும்? விடியக்காலையில் தண்ணிக்குப் பக்கத்தில் போய்ப் பார்" என்றார். அவருடைய மைத்துனர் சௌபாகா பக்கத்தில் ஒரு பேரியில் வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நாலு மணிக்குத் தாராதலா, பைபாஸ் வழியாகப் போய் இறங்கினேன். குளிர் என்றால் அப்படி ஒரு குளிர்.

போய்ச் சேர்ந்தபோது வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மார்பளவுத் தண்ணீரில் இருபது பேர், ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் பின்பாட்டு. ரோகு, கட்லா, மிருகால், வெள்ளிக் கெண்டை, திலாப்பியா எல்லாம் அலுமினிய ஹாண்டிகளில் உயிரோடு ஏலத்துக்குப் போகிறது. தண்ணீரைக் கையால் தட்டிக்கொண்டே தூக்கிப் போகிறார்கள். தட்டினால் காற்று கலக்கும், மீன் சாகாது.

இனி வரலாறு. கல்கத்தாவுக்கு மேற்கே ஹூக்ளி ஆறு ஓடுகிறது. ஆனால் நகரம் சரிவது கிழக்கே. பெய்த மழையும் வீட்டுச் சாக்கடையும் கிழக்கே இருந்த உப்பு ஏரிகளுக்குத்தான் போகும். அந்த ஏரிகளுக்கு வித்யாதரி என்ற ஆறு வழியாகக் கடல் அலை ஏறி வந்துகொண்டிருந்தது. வில்லியம் கிளார்க் என்ற எஞ்சினியர் 1850களில் பாதாளச் சாக்கடைத் திட்டம் போட்டபோதும் கழிவைத் திருப்பிவிட்டது இதே திசையில். மேலே தண்ணீர் வரத்து அறுந்து, கீழே வண்டல் சேர்ந்து, வித்யாதரி மூச்சுத் திணறிச் செத்தது. 1928ல் அரசாங்கமே ஆறு இறந்துவிட்டது என்று அறிவித்தது. ஆற்றுக்கு டெத் சர்ட்டிபிகேட் கொடுத்ததை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

ஏரியில் உப்பும் அலையும் போனது. உப்புநீர் மீன் போனது. மீனவர்கள் என்ன செய்வார்கள்? கையில் இருந்தது சாக்கடை ஒன்றுதான். 1930 வாக்கில் விது சர்க்கார் என்பவர் தன் பேரியில் கழிவுநீரை அளவாக விட்டு மீன் வளர்த்துப் பார்த்தார், வளர்ந்தது. பக்கத்துப் பேரிக்காரர்கள் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். 1940களில் மாநகராட்சி எஞ்சினியர் பி.என்.தே, கழிவைக் குல்டி ஆறுவரை கொண்டுபோகும் நீண்ட கால்வாயை வெட்டி முடித்தார். அதன் புண்ணியத்தில் இன்னும் தள்ளியிருந்த பேரிகளுக்கும் சாக்கடை பாய்ந்தது. இப்படி ஏரியாயிருந்த ஊர்களில் வங்காளி மீனவ, விவசாயச் சாதியினரோடு, சுந்தரவனக் காடு வெட்டுவதற்காகச் சோட்டா நாக்பூரிலிருந்து கொண்டுவரப்பட்ட முண்டா, ஒராவோன் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். பக்கத்திலேயே தாபா: நகரத்துக் குப்பை மேட்டின்மேல் காலிஃப்ளவரும் கீரையும் விளைகிற இடம். (சாலையோர தாபா இல்லை, இது ஊர்ப் பெயர்.)

மைத்துனர் எனக்குத் தொழிலை விளக்கினார். குளிர்காலத்தில் பேரியை வற்றவிட்டு வெயிலில் காயப்போட்டு, உழுது, சுண்ணாம்பு போட வேண்டும். அப்புறம் சாக்கடையை விட்டுச் சில வாரம் சும்மா விட வேண்டும். ஆழம் அதிகம் கூடாது, அடிவரை வெயில் இறங்கணும். வெயில் பட்டால் பாசி பிடிக்கும், பாசி விடுகிற ஆக்சிஜனில் பாக்டீரியா கழிவைத் தின்று தீர்க்கும், பாசியை மீன் தின்னும். (பாக்டீரியா என்னுடைய சேர்க்கை. அவர் சொன்னது "வெயில் பார்த்துக்கொள்ளும்".) தண்ணீர் தயாரா என்று பார்க்க ஒரு கை அள்ளினார், நிறத்தைப் பார்த்தார், முகர்ந்தார், கொட்டினார். ஆயிற்று லேப் டெஸ்ட். நம் தென் மாவட்டங்களில் கண்மாய்க்கு நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பாரே, மடை திறப்பது மூடுவதெல்லாம் அவர் கணக்கு. இவர் அந்த ஜாதி ஆள். உத்தியோகத்தைச் சொல்கிறேன்.

இப்போது என் பி.காம் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. ஒரு பெருநகரத்தின் பல கோடி லிட்டர் கழிவுநீர் தினமும் இங்கே வருகிறது. இதைச் சுத்திகரிக்க ஆலை கட்டினால் நிலம், மெஷின், கரண்ட், சம்பளம், தேய்மானம் என்று எத்தனை கோடி? இங்கே செலவுப் பக்கம் காலி. வரவுப் பக்கம் மட்டும் வருஷத்துக்கு 10,000 டன்னுக்கு மேல் மீன் என்கிறார்கள். மாநகராட்சியின் எந்தக் கணக்கிலும் இது வராது. கணக்கில் இல்லாத சொத்தை விற்றாலும் நஷ்டம் கணக்கில் வராது. ஒவ்வொரு பேரியும் மூடப்படுவது இப்படித்தான்.

முதல் பெரிய மூடல் அரசாங்கமே செய்தது. பிதான் சந்திர ராய் முதல்வராக இருந்த 1962ல் தொடங்கி, யுகோஸ்லாவியக் கம்பெனி ஒன்று ஹூக்ளியின் மணலைத் தண்ணீரோடு குழாய் வழியாக இறைத்து வடக்குப் பக்க ஏரிகளை நிரப்பியது. அதுதான் இன்றைய சால்ட் லேக் நகரம். அங்கே இருக்கிற நம் தமிழ்க் குடும்பங்களும் அந்த மணலின்மேல்தான் பொங்கல் வைக்கிறார்கள். எண்பதுகளில் மிச்சத்துக்கும் கண் விழுந்தது. அப்போது துருபஜ்யோதி கோஷ் என்ற அரசு எஞ்சினியர், இந்த ஊர்ச் சாக்கடை கடைசியில் எங்கே போகிறது என்று பார்க்கக் கால்வாயோடு போனவர், பேரிகளில் வந்து நின்றார். வாழ்நாள் முழுக்க அங்கேயே நின்றுவிட்டார் என்று சொல்லலாம். பேரிக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு வரைபடம் போட்டார். 1990ல் ஐ.நா.வின் குளோபல் 500 விருது வந்தது. அவர் வரைபடத்தை வைத்துக்கொண்டு 'பப்ளிக்' என்ற அமைப்பு வழக்குப் போட, 1992ல் உயர்நீதிமன்ற நீதிபதி உமேஷ் சந்திர பானர்ஜி நிலத்தின் வகையை மாற்றக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். 2002 ஆகஸ்ட் 19ல் 12,500 ஹெக்டேர் ராம்சர் பட்டியலில் ஏறியது. 2006ல் தனிச் சட்டமே வந்தது. கோஷ் 2018 பிப்ரவரியில் காலமானார்.

இத்தனை சட்டத்துக்கும் நடுவேதான் என் மூன்றாவது மாடி பால்கனி எழுந்து நின்றது. எப்படி என்றால், ராத்திரியில் இரண்டு லாரி மண் கொட்டுவார்கள், பேரிக்கு வருகிற மடையை யாரோ அடைப்பார்கள், ஒரு வருஷம் தண்ணீர் இல்லாமல் கிடந்தால் "காலி இடம்தானே" என்பார்கள். மைத்துனர் தன் பேரியின் தெற்குக் கரையைக் காட்டினார். அங்கே தண்ணீர் வருவது குறைந்து இரண்டு வருஷமாகிறதாம். அந்தத் திசையில் தூரத்தில் தெரிந்த கட்டடங்களில் என்னுடையது எது என்று நான் தேடவில்லை.

பள்ளிக்கரணையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2022ல் அதுவும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் அதற்குள் பெருங்குடிக் குப்பை மேடும் ஐ.டி. கட்டடங்களும் சதுப்பில் பெரும்பகுதியைத் தின்றாகிவிட்டது. 2015 டிசம்பரில் வேளச்சேரியில் என் மச்சான் குடும்பத்தை மொட்டை மாடியிலிருந்து படகில் இறக்கினார்கள். அந்த வீட்டுக்கும் ஒரு பேங்க் கடன் கொடுத்திருந்தது. என்னைப் போல ஒருத்தன்தான் கையெழுத்துப் போட்டிருப்பான்.

ஒரு தப்பையும் ஒத்துக்கொள்கிறேன். இதெல்லாம் கேட்டு உணர்ச்சிவசப்பட்டு, "எங்கள் வீட்டுச் சாக்கடையும் இங்கேதானே வருகிறது, நன்றி" என்று மைத்துனரிடம் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். கார்டன் ரீச் சாக்கடை இங்கே வராதாம், அங்கேயே தனிச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதாம். கார்டன் ரீச்சிலிருந்து குடிதண்ணீர் மட்டும்தான் தென் கல்கத்தாவுக்குப் போகிறது. அதில் ஒரு பகுதி வீடுகளில் புழங்கிவிட்டு, பாலிகஞ்ச் பம்பிங் ஸ்டேஷன் வழியாக இங்கே வருகிறது. எங்கள் ஆற்றுத் தண்ணீர் வருகிறது, எங்களுடைய கழிவு வருவதில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அட்வான்ஸ் ஐந்து மாதம் கழித்து இரண்டு தவணையில் திரும்பி வந்தது, 'ப்ராசஸிங்' என்று இருபதாயிரம் பிடித்துக்கொண்டு. போகட்டும். அதே கட்டடத்தின் இன்னொரு ஃப்ளாட்டுக்குக் கடன் கேட்டு போன மாதம் ஒரு ஃபைல் என் மேஜைக்கு வந்தது. இளம் தம்பதி, இரண்டு பேருக்கும் நல்ல சம்பளம். வக்கீலின் லீகல் ஒப்பீனியனில் எல்லாம் சரி என்று இருந்தது. பர்ச்சா காப்பியை எடுத்து அந்த ஒற்றை வார்த்தையை வட்டமிட்டு, "கடன் கிடையாது, அட்வான்ஸைத் திரும்பக் கேளுங்கள்" என்றேன். அந்தப் பெண் என்னை எப்படிப் பார்த்தாள் என்றால்... சரி, விடுங்கள்.

அன்று பேரியிலிருந்து ஒரு கிலோ திலாப்பியா வாங்கி வந்தேன். தங்கமணி நாகப்பட்டினம். கடல் மீன் தவிர மற்றதெல்லாம் அவளுக்குச் சேற்று வாடை. எங்கிருந்து வந்த மீன் என்று கேட்டாள். சௌபாகா என்று மட்டும் சொன்னேன். சாப்பிட்டு முடித்த பிறகு மீதியைச் சொன்னேன். ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. அடுத்த ஞாயிறு, "அந்த ஆளு கிட்ட இன்னொரு கிலோ கிடைக்குமா?" என்றாள்.