எந்த அணி நம் அணி?

மாலையில் வேலை முடிந்து வீடு திரும்பும் மனிதனுக்கு இரண்டு இன்பங்கள் உண்டு. ஒன்று விளையாட்டைக் காண்பது. மற்றொன்று, கண்ட விளையாட்டைப் பற்றி வாதிடுவது. முன்னது ஆட்டம் முடிந்தவுடன் முடிந்துவிடும். பின்னதற்கு முடிவே இல்லை. மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மிளகு மூட்டைகளுக்கும் சுக்கு மூட்டைகளுக்கும் நடுவே உட்கார்ந்து கிரிக்கெட் வழக்காடிய பெரியவர்களைக் கண்டு வளர்ந்தவன் நான். வழக்கு ஒருநாளும் தீர்ந்ததில்லை. தீர்ந்துவிடக் கூடாது என்பதில் வாதியும் பிரதிவாதியும் ஒத்த கருத்தினர்.

சென்ற ஆண்டு எங்கள் வீட்டிலும் ஒரு வழக்கு எழுந்தது. கேரள அணி ரஞ்சிக் கோப்பைப் போட்டியில் முன்னேறிக்கொண்டிருந்த நேரம். என் மகன் தொலைக்காட்சியின் முன் நின்று, "நம்ம டீம் ஜெயிக்கணும்" என்று கூவினான். "நம் அணி தமிழ்நாட்டு அணியல்லவா? பிறந்த மண்ணை மறக்கலாமா?" என்று நான் கடிந்துகொண்டேன். அவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, "அப்பா, நான் பிறந்தது இங்கேதானே?" என்றான். என்னிடம் விடை இல்லை. அன்று மழுப்பிவிட்டேன். விடையைத் தேடிக் கிரிக்கெட் வரலாற்றைப் புரட்டியபோது கிடைத்தவற்றையே இம்மலர் வாயிலாக நம் சங்கத்து அன்பர்கள் முன் வைக்கிறேன்.

ஒரே நாளில் முடிந்த ஆட்டம்

ரஞ்சிக் கோப்பைப் போட்டியின் முதல் ஆட்டம் 1934-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் சென்னைச் சேப்பாக்கத்தில் நடைபெற்றது. சென்னையும் மைசூரும் மோதின. முதல் பந்தை வீசியவர் சென்னையின் எம். ஜே. கோபாலன். மைசூர் அணி 48 ஓட்டங்களில் சுருண்டது. சென்னை 130 எடுத்தது. மீண்டும் ஆடிய மைசூர் 59 ஓட்டங்களுக்கு வீழ்ந்தது. இத்தனையும் ஒரே பகலில்! பல நாள் நடக்கவேண்டிய ஆட்டம் பொழுது சாய்வதற்குள் முடிந்து, சென்னை ஓர் இன்னிங்ஸும் 23 ஓட்டங்களும் மிகுதியாகப் பெற்று வென்றது.

அந்த ஆட்டத்தின் நாயகர் யார்? இரண்டு இன்னிங்ஸிலுமாக 35 ஓட்டங்களே கொடுத்துப் பதினொரு விக்கெட்டுகளை வீழ்த்திய ஏ. ஜி. ராம்சிங். பெயரைக் கேட்டவுடன் இவர் தமிழரா என்ற ஐயம் எழும். அமிர்தசரஸிலிருந்து வழிவந்த சீக்கியக் குடும்பத்தவர் அவர். பெயரின் முதலெழுத்தே அமிர்தசரஸைக் குறிப்பதாகும். ஆயினும் அவர் ஆடியது சென்னைக்காக, வாழ்ந்ததும் சென்னையில். அதிகாரபூர்வமான டெஸ்ட் ஆட்டம் ஒன்றிலேனும் அவருக்கு இடம் கிட்டவில்லை என்பது பழைய ரசிகர்களின் தீராத மனக்குறை. அக்குறையை அவருடைய மைந்தர்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் இந்தியாவுக்காக ஆடித் தீர்த்தனர். சென்னை மக்கள் அவரை எவ்வூரார் என்று கேட்டதாகத் தெரியவில்லை. எங்கள் ராம்சிங் என்றே உரிமை பாராட்டினர்.

கோபாலனைப் பற்றியும் ஒரு வழக்கு உண்டு. அவர் கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் வல்லவர். 1936-ஆம் ஆண்டு கிரிக்கெட் அணியுடன் இங்கிலாந்து செல்வதா, ஹாக்கி அணியுடன் பெர்லின் ஒலிம்பிக் செல்வதா என்ற நிலை வந்தது. அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட் ஆட்டத்திலும் அவருக்கு வாய்ப்பு இல்லை. ஹாக்கி அணியோ தங்கப் பதக்கத்துடன் திரும்பியது. தேர்ந்தது சரியா, பிழையா? முடிவை அறிந்த பின் தீர்ப்புக் கூறுவது எளிது. முடிவு அறியுமுன் தேர்ந்தெடுப்பதே கடினம். ஊரை விட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த நம் முன்னோர்களை இக்கதை நினைவூட்டவில்லையா?

வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை

இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் அதே சேப்பாக்கத்தில்தான். 1952 பிப்ரவரியில் இங்கிலாந்தை ஓர் இன்னிங்ஸும் 8 ஓட்டங்களும் வேறுபாட்டில் வென்றது. வினூ மன்கட் அந்த ஆட்டத்தில் பன்னிரண்டு விக்கெட்டுகள் வீழ்த்தினார். ஆயினும் சேப்பாக்கத்தைப் பற்றிய வாதங்களில் தலையாயது 1986-ஆம் ஆண்டு செப்டம்பர் ஆட்டமே.

ஆஸ்திரேலியா 7 விக்கெட் இழப்புக்கு 574 ஓட்டங்கள் எடுத்து ஆட்டத்தை நிறுத்தியது. டீன் ஜோன்ஸ் சென்னையின் வெக்கையில் எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்று 210 ஓட்டங்கள் குவித்தார். உடல் நீர் வற்றி, இடையிடையே வாந்தி எடுத்து, ஆட்டமிழந்தபின் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். இந்தியா 397 எடுத்தது. அதில் கபில் தேவ் 119. இரண்டாம் முறை ஆஸ்திரேலியா 170 ஓட்டங்களுடன் நிறுத்திக்கொண்டது. கடைசி நாளில் இந்தியாவுக்கு 348 ஓட்டங்கள் தேவை.

அன்று திங்கட்கிழமை. என் தந்தையார் வேலை பார்த்த மண்டியில் தராசின் அருகே வானொலிப் பெட்டி ஒன்று இருந்தது. எடை போடுபவர் தட்டில் மூட்டையை வைத்தவர் வைத்தபடியே நின்றுவிட்டார். கவாஸ்கர் 90 ஓட்டங்களில் வெளியேறினார். விக்கெட்டுகள் சரிந்தன. கடைசி ஓவர் வந்தபோது கையில் இருந்தது ஒரே விக்கெட்; தேவை நான்கு ஓட்டங்கள். ரவி சாஸ்திரி இரண்டு ஓட்டங்கள் எடுத்தார். அடுத்த பந்தில் ஒன்று எடுத்து, இரு அணிகளின் ஓட்டங்களையும் சமமாக்கினார். எதிரே மணிந்தர் சிங். ஒரு பந்தைத் தடுத்தார். அடுத்த பந்து காலில் பட்டது. கிரெக் மாத்யூஸ் முறையிட, நடுவர் விக்ரம் ராஜு விரலை உயர்த்தினார். இந்தியா 347. ஆட்டம் சரிசமம்! உலக டெஸ்ட் வரலாற்றில் அதற்கு முன் அப்படி நிகழ்ந்தது 1960-இல் பிரிஸ்பேனில் மட்டுமே.

மண்டியில் அன்று தொடங்கிய வழக்குகள் மூன்று. முதலாவது, சாஸ்திரி அந்த ஒற்றை ஓட்டத்தை எடுத்திருக்கலாமா? எடுக்காமல் நின்று அடுத்த பந்தை எல்லைக்கு விரட்டியிருக்க வேண்டும் என்பார் ஒருவர். எடுத்ததால்தான் தோல்வி என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று என்பார் மற்றொருவர். இரண்டாவது, பந்து மட்டையில் உராய்ந்ததா? உராய்ந்தது என்று மணிந்தர் சிங்கும், தம் தீர்ப்பு சரியே என்று நடுவரும் பிற்காலத்திலும் கூறினர். மூன்றாவது, சிறந்த ஆட்டக்காரர் பரிசு ஜோன்ஸுக்கும் கபில் தேவுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டதே, பத்து விக்கெட் வீழ்த்திய மாத்யூஸ் செய்த பிழை என்ன? என் தந்தையார் மாத்யூஸ் கட்சி. எதிரணிக்காரருக்காக அவர் அத்தனை ஆவேசத்துடன் வாதாடியது அந்நாளில் எனக்கு வியப்பாக இருந்தது. "உழைச்சவன் யாரா இருந்தா என்னப்பா, கூலி குடுக்கணும் இல்லையா?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

உழைப்புக்கும் வெற்றிக்கும் தொடர்பு அறுந்துபோகும் ஆட்டங்கள் எல்லா நாடுகளிலும் உண்டு. அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டத்தில் 1959-ஆம் ஆண்டு மே 26-ஆம் நாள் ஹார்வி ஹாடிக்ஸ் என்ற பந்து வீச்சாளர் பன்னிரண்டு சுற்றுகள் தொடர்ந்து, முப்பத்தாறு பேரை, ஒருவரையும் தளத்தை எட்டவிடாமல் வெளியேற்றினார். பதின்மூன்றாம் சுற்றில் அவருடைய அணி தோற்றது. அவர் சிறப்புற ஆடினாரா, தோற்றாரா என்று அங்கும் இன்றளவும் பேசுகிறார்கள். நமக்கு அத்தகைய ஆட்டம் 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் வாய்த்தது. முதுகு வலியைப் பொறுத்துக்கொண்டு டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தும் பாகிஸ்தானிடம் 12 ஓட்டங்களில் தோற்றோம். வென்ற பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது சென்னை மக்கள் எழுந்து நின்று கைதட்டினர். அத்தோல்வியில் சென்னை ஒன்றையும் இழக்கவில்லை என்றே சொல்லவேண்டும்.

கொச்சியின் பெருமை

நாம் வாழும் கொச்சிக்கும் சொல்லத்தக்க வரலாறு உண்டு. மட்டாஞ்சேரியிலிருந்து வெகு தொலைவில் இல்லாத திருப்பூணித்துறை அரண்மனை மைதானத்தில் 1951-ஆம் ஆண்டு பூஜா கிரிக்கெட் போட்டி தொடங்கியது. இத்தனை ஓவர்கள் என்று வரையறுத்து, அதற்குள் வெற்றி தோல்வியைக் காணும் முறையைக் கேளப்பன் தம்புரான் என்னும் ஆட்டக்காரர் அங்கே நடைமுறைக்குக் கொணர்ந்தார். இங்கிலாந்தில் ஜில்லெட் கோப்பைப் போட்டி 1963-இல்தான் தொடங்கியது. நாடுகளுக்கிடையிலான முதல் ஒருநாள் ஆட்டம் மெல்போர்னில் 1971 ஜனவரி 5-ஆம் நாள் நடைபெற்றது. ஆதலின் ஓவர் வரையறுத்த ஆட்டத்தின் பிறப்பிடம் தம் ஊரே என்று திருப்பூணித்துறை மக்கள் உரிமை கொண்டாடுவதில் வியப்பில்லை.

கொச்சி ஜவாஹர்லால் நேரு மைதானத்தில் நிகழ்ந்த இன்னொரு விந்தையும் உண்டு. டெண்டுல்கர் மட்டையாளர் என்பது உலகறிந்த செய்தி. ஒருநாள் ஆட்டங்களில் அவர் ஐந்து விக்கெட் வீழ்த்தியது இரண்டே முறை. 1998 ஏப்ரல் 1-இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 32 ஓட்டங்கள் கொடுத்து ஐந்து. 2005 ஏப்ரல் 2-இல் பாகிஸ்தானுக்கு எதிராக 50 ஓட்டங்கள் கொடுத்து ஐந்து. இரண்டும் இதே மைதானத்தில்! கொச்சி மண்ணின் குணமா, தற்செயலா என்று கேட்டால், நம் காலனியில் ஆளுக்கொரு விடை கிடைக்கும்.

தலைக்கவசம் தந்த இடம்

இனி என் மகனின் வழக்குக்கு வருகிறேன். ரஞ்சிக் கோப்பையில் திருவிதாங்கூர்-கொச்சி என்ற பெயரில் 1951-52-இல் அடியெடுத்து வைத்த அணி, 1957-58 முதல் கேரளம் என்ற பெயரில் ஆடிவருகிறது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது இறுதி ஆட்டத்தை எட்டியதில்லை. 2025 பிப்ரவரியில் அந்நிலை மாறியது. மாறிய விதமே விந்தை.

கால் இறுதியில் ஜம்மு காஷ்மீர் 280 எடுத்தது. கேரளம் ஒன்பது விக்கெட்டுகளை இழந்து 200-இல் தத்தளித்தது. சல்மான் நிசாரும் பாசில் தம்பியும் கடைசி விக்கெட்டுக்கு 81 ஓட்டங்கள் சேர்த்து 281-இல் கொண்டுபோய் நிறுத்தினர். ஒரே ஓட்டம் மிகுதி! ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடியவே, முதல் இன்னிங்ஸில் பெற்ற அந்த ஓர் ஓட்டமே கேரளத்தை அரையிறுதிக்கு அனுப்பியது.

அரையிறுதி அகமதாபாதில். முகமது அசாருதீன் 177 ஓட்டங்கள் எடுத்து ஆட்டமிழக்காமல் நிற்க, கேரளம் 457. குஜராத் விடாமல் துரத்தி 455-ஐ எட்டியது. கையில் ஒரு விக்கெட். ஆதித்ய சர்வதே வீசிய பந்தைக் கடைசி மட்டையாளர் ஓங்கி அடித்தார். பந்து அருகில் நின்ற சல்மான் நிசாரின் தலைக்கவசத்தில் மோதி, மேலெழும்பி, பின்னால் நின்ற சச்சின் பேபியின் கைகளில் விழுந்தது. இரண்டே ஓட்டங்கள் மிகுதி. கேரளம் இறுதிக்குச் சென்றது. களத்தடுப்பாளரின் தலைக்கவசத்தில் பட்ட பந்தைப் பிடித்தால் ஆட்டமிழப்பு ஆகாது என்பதே முன்பிருந்த விதி. 2017-இல்தான் அது மாற்றப்பட்டது. பழைய விதியே நீடித்திருந்தால்? வாதத்துக்கு இதைவிட நல்ல விருந்து கிடைக்குமா!

இறுதி ஆட்டம் நாக்பூரில் விதர்பாவுடன். விதர்பா 379, கேரளம் 342. சச்சின் பேபி சதத்துக்கு இரண்டு ஓட்டங்கள் இருக்கையில் ஆட்டமிழந்தார். முதல் இன்னிங்ஸ் மிகுதியால் விதர்பா கோப்பையைப் பெற்றது. அதுவன்று நான் சொல்ல வந்தது. அந்த ஆட்டத்தில் யார் யாருக்காக ஆடினர் என்று பாருங்கள். கேரளத்துக்காகப் பந்து வீசி, மட்டையால் 79 ஓட்டங்களும் எடுத்த சர்வதே முன்பு விதர்பாவின் ஆட்டக்காரர். கேரளத்தின் ஜலஜ் சக்சேனா மத்தியப் பிரதேசத்தவர். அப்பருவத்தில் கேரளத்துக்காக ஆடிய பாபா அபராஜித் நம் சென்னைக்காரர். விதர்பாவுக்காக 86, 135 என்று குவித்துக் கேரளத்தின் கனவைக் கலைத்த கருண் நாயரோ மலையாளக் குடும்பத்தில் பிறந்து பெங்களூரில் வளர்ந்தவர். 2016 டிசம்பரில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 303 எடுத்தவரும் அவரே. கேரளத்திலிருந்து சந்தீப் வாரியர் தமிழ்நாட்டு அணிக்குச் சென்று ஆடியதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

இவர்களுள் எவரும் பிறந்த ஊரைப் பகைத்துக்கொண்டு போகவில்லை. போன இடத்தில் முழு மனத்துடன் ஆடினார்கள், அவ்வளவே. 1934-இல் அமிர்தசரஸ் வழிவந்த ராம்சிங் சென்னைக்குச் செய்ததும் அதுதான். மண்டியில் என் தந்தையார் நாற்பது ஆண்டுகள் மூட்டை எடை பார்த்ததும் அதுதான்.

என் மகனை அழைத்து இவற்றைச் சொன்னேன். அன்று கடிந்துகொண்டதற்கு வருத்தமும் தெரிவித்தேன். அவன் சிரித்துக்கொண்டே, "அப்போ கேரளாவும் தமிழ்நாடும் மோதினா யாருக்குக் கை தட்டுறது?" என்றான். நன்றாக ஆடுகிறவருக்கு என்றேன். "அது மழுப்பல்" என்றான் அவன். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. நம் காலனிப் பெரியோர் எவரேனும் தீர்ப்பு வழங்க முன்வந்தால் தந்தையும் மகனும் கேட்கச் சித்தமாயிருக்கிறோம். ஏற்றுக்கொள்வோம் என்று மட்டும் உறுதி கூற இயலாது.