மன்னார் மாணாக்கரும் ஆங்கில வியாகரண அப்பியாசமும்

சீன பாஷையைத் தாய்மொழியாகக் கொண்ட மாணாக்கருக்கென்று வகுக்கப்பட்ட ஆங்கில அப்பியாச நூலொன்றை, மன்னார்த் தீவிலோ அதற்கு எதிர்ப்பட்ட பெருநிலத்திலோ உள்ள வித்தியாசாலையொன்றிற் பயிலும் தமிழ் மாணாக்கனின் கையிற் கொடுப்போமாயின், அந்நூலிற் பெரும்பகுதி அவனுக்கு வேண்டாததாயும், அவனுக்கு இன்றியமையாத பகுதி அந்நூலில் இடம்பெறாததாயும் இருக்கக் காண்போம். இதற்குக் காரணம் அந்நூலின் குறைபாடன்று. அந்நூல் தன் மாணாக்கனை நன்கறிந்து எழுதப்பட்டமையே காரணமாகும். சீனத்தில் வினைச்சொல் காலத்துக்கேற்பவோ இடத்துக்கேற்பவோ விகாரப்படுவதில்லை. பெயர்ச்சொல்லும் ஒருமை பன்மைக்கேற்ப உருமாறுவதில்லை. ஆனால் எழுவாய் முதலிலும் வினை அதனை அடுத்தும் செயப்படுபொருள் இறுதியிலுமாக ஆங்கிலத்தில் அமைகின்ற முறையே சீனத்துக்கும் பொதுமுறையாகும். ஆகவே சொல்லின் உருமாற்றமே சீன மாணாக்கனுக்கு இடர் தருவது. சொற்களின் வரிசை அவனுக்குப் பழகிய பாதை. தமிழ் மாணாக்கனின் நிலையோ இதற்கு நேர்மாறானது. காலங்காட்டும் இடைநிலையும், திணை பால் எண் இடம் காட்டும் விகுதியும் அவன் பேசத் தொடங்கிய நாளிலிருந்தே அவன் நாவில் ஊறியவை. வாக்கியத்தின் ஈற்றில் வினை வந்து முடியுமுன்னரே அதனை வெளிவிட்டுவிடும் ஆங்கிலத்தின் வரிசையே அவனைத் தடுமாறச் செய்கிறது.

இவ்வேற்றுமையைக் கருதாமல் எல்லா மாணாக்கருக்கும் ஒரே வகையான அப்பியாசத்தை வழங்குவது நம் வடமாகாணத்துக் கல்வியில், விசேஷமாக மன்னார், மடு ஆகிய இரு கல்வி வலயங்களிலும், ஆங்கிலம் கற்பிக்கப்படுவதன் பிரயோஜனத்தைப் பெரிதும் குறைத்துவிட்டதென்பதும், மாணாக்கன் தமிழ்ப் பாடத்திற் கற்ற இலக்கணமே அவனுக்கு ஆங்கில வியாகரணத்தின் வாயிலாக அமையவேண்டுமென்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

அறிந்த இலக்கணத்தை ஆதாரமாகக் கொண்டு அறியாத பாஷையை அணுகுவது புதுமையான முறையன்று. தமிழறிந்தோர் அண்டிரிக் அடிகளார் என வழங்கும் என்றிக்கே என்றிக்கஸ் பாதிரியார் ஏறக்குறைய 1549ஆம் ஆண்டளவில் தமிழுக்கு ஓர் இலக்கணம் இயற்றியபோது, தம்மவர் அறிந்த இலத்தீன், போர்த்துக்கேய வியாகரணங்களின் சட்டத்துள்ளேயே தமிழின் வேற்றுமைகளையும் வினைத்திரிபுகளையும் பொருத்திக் காட்டினார். 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைக்கொண்ட பின்னர் இத்தீவிலும் தங்கித் தொண்டாற்றியவர் அவர். இன்ன பாஷையாருக்கென்று ஆங்கில இலக்கணம் எழுதுவதும் புதுமையன்று: 1823ஆம் ஆண்டு மக்காவோவில் அச்சான றொபேட் மொறிசன் பாதிரியாரின் ஆங்கில இலக்கண நூல், மலாக்காவில் நிறுவப்பட்டிருந்த ஆங்கில-சீனக் கல்லூரியின் மாணாக்கரை நோக்கி எழுதப்பட்டது. அதே 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய செமினரியில், 1855இல் அது மூடப்படும் வரையில், தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன. அங்கே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாயினர் என்பதும், அவருள் முன்னவரே பின்னாளில் தொல்காப்பிய உரைகளை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்தவர் என்பதும் யாவரும் அறிந்தவை. தமிழிலக்கணப் புலமை ஆங்கிலப் புலமைக்குத் தடையாகுமென்று கருதுவோர்க்கு இவ்வரலாறே தக்க விடையாகும்.

இன்றைய நிலையைச் சிறிது நோக்குவோம். 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. போதனாமொழி படிப்படியாகச் சுயபாஷையாயிற்று. ஆங்கிலம் இரண்டாம் மொழிப் பாடமாகத் தங்கியது. இம்மாற்றம் நியாயமானதே. தாய்மொழியிற் கல்வி பெற்றிராவிடின் முசலியிலும் மாந்தை மேற்கிலும் உள்ள விவசாயியின் பிள்ளையும் மீன்பிடிப்பவரின் பிள்ளையும் விஞ்ஞானமும் கணிதமும் கற்றிருத்தல் அரிது. ஆனால் இரண்டாம் மொழியாகிய ஆங்கிலத்துக்கு அரசு வெளியிடும் பாடநூல் சிங்கள மாணாக்கருக்கும் தமிழ் மாணாக்கருக்கும் ஒன்றே. சிங்களமும் தமிழும் வாக்கிய வரிசையில் பெரும்பாலும் ஒத்தவையாதலின் இது பெருந்தீங்கு விளைக்கவில்லையெனலாம். எனினும், பெயரீற்றில் நிச்சயமின்மையைக் காட்டும் விகுதி சிங்களத்தில் உண்டு, தமிழில் இல்லை. இடத்துக்கேற்ற வினைவிகுதி தமிழின் பேச்சிலும் உண்டு, சிங்களத்தின் பேச்சில் இல்லை. ஒரே நூல் இவ்விரு பிள்ளைகளுக்கும் ஒரே இடத்தில் விளக்கம் தரவியலாது. இதனோடு, யுத்தகாலத்து இடப்பெயர்வுகளும், 1990இல் முஸ்லிம் மக்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டமையும் இம்மாவட்டத்துப் பிள்ளைகள் பலரின் படிப்பைப் பல்லாண்டுகள் சிதறடித்தன. மூன்றாந் தரத்திலிருந்து கிரமமாக ஏறிவரவேண்டிய ஒரு பாடத்தில் இடையில் விழுந்த இடைவெளி எளிதில் நிரம்புவதன்று.

இப்போது அப்பியாசத்துக்கு வருவோம். கடைகளில் விலைக்குக் கிடைக்கும் பயிற்சி நூல்களிலும் ரியூசன் வகுப்புகளில் வழங்கப்படும் தாள்களிலும் கோடிட்ட இடம் நிரப்புதலே பெரும்பகுதி. மாணாக்கன் பத்து வாக்கியங்களில் வினையின் சரியான வடிவத்தை எழுதிப் பத்துப் புள்ளியும் பெறுகிறான். அடுத்த பக்கத்துக் கிரகித்தற் பந்தியில் அதே வினையைக் கண்டு அதன் எழுவாய் எது என்றறியாது திகைக்கிறான்.

முதலில் எண்ணைப் பற்றிய ஓர் உதாரணம். பேசாலைக் கரையில் வளரும் பிள்ளை, 'பத்துக் கூடை வந்தது' என்பான். 'பத்துக் கூடைகள் வந்தன' என்று பேச்சிற் சொல்லான். அவனே ஆங்கிலத்தில் 'டென் பாஸ்கட்' என்று பன்மை ஈறின்றி எழுதும்போது உபாத்தியாயர் சிவப்பு மையாற் கோடிட்டு, இவ்விதியை எத்தனை தரம் சொன்னேன் என்று கடிந்துகொள்கிறார். ஆனால் அஃறிணைப் பெயர் ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாய் நிற்றலைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று நன்னூல் மரபு கூறும்; அம்மாணாக்கன் அதனைத் தமிழ் வகுப்பிற் படித்திருக்கவும் கூடும். 'நீ தமிழிற் பால்பகா அஃறிணையாக நிறுத்துவதை ஆங்கிலம் கட்டாயமாகப் பகுத்துரைக்கும்' என்று ஒருமுறை அவனுக்குச் சொன்னால், பிழை அறியாமையிலிருந்து தோன்றியதன்று, தன் பாஷையின் ஒழுங்கிலிருந்தே தோன்றியதென்று அவன் உணர்வான். எண்ணுப்பெயர் வந்தபின் பன்மை ஈறு வேண்டாவென்பது சீனத்துக்கும் உரிய வழக்காதலின், இவ்வோரிடத்திற் சீன மாணாக்கனும் மன்னார் மாணாக்கனும் ஒரே அப்பியாசத்தைச் செய்யலாம்.

'ஏ', 'த' என்னும் சார்புச்சொற்களைக் கற்பிப்பதிலோ நிலைமை வேறு. தமிழில் இவற்றுக்கு நிகரில்லையென்று சொல்லி விட்டுவிடுவதே வழக்கமாயிருக்கிறது. 'அவர் வள்ளம் வாங்கினார்' என்பதற்கும் 'அவர் வள்ளத்தை வாங்கினார்' என்பதற்கும் உள்ள பொருள் வேறுபாட்டை வங்காலையில் எந்தப் பிள்ளையும் அறியும். முன்னதில் எந்த வள்ளம் என்ற நிச்சயம் இல்லை. பின்னதில் பேசுவோனும் கேட்போனும் முன்னரே அறிந்த வள்ளம் குறிக்கப்படுகிறது. இரண்டாம் வேற்றுமையுருபாகிய ஐகாரம் அஃறிணையில் விரிந்தும் தொக்கும் வருவதால் நாம் இங்குக் காட்டும் நிச்சயத்தையே ஆங்கிலம் 'த' என்பதனாற் காட்டுகிறது. எழுவாயிடத்தில் இவ்வுபாயம் செல்லாது; அங்கே 'ஒரு', 'அந்த' என்பவற்றைத் துணைக்கொள்ள வேண்டும். ஆயினும் செயப்படுபொருளிலிருந்து தொடங்கும் பாடம், அர்த்தமின்றி மனனஞ் செய்யப்படும் விதிகளினும் எவ்வளவோ மேலானது.

கிரகித்தலிலேதான் இவ்வாராய்ச்சியின் முக்கியமான விஷயம் அடங்கியிருக்கிறது. பின்வரும் ஆங்கில வாக்கியத்தைத் தமிழெழுத்தில் எழுதிக் காண்போம்: 'த மேன் ஹூ வோஸ் கப்சர்ட் வித் ஹிஸ் ஃபாதர் றீச்ட் அரிப்பு இன் 1679.' தன் தந்தையோடு சிறைப்பட்ட மனிதன் 1679இல் அரிப்பை அடைந்தான் என்பது இதன் பொருள். இவ்வாக்கியத்தின் கீழ், அரிப்பை அடைந்தவர் யார் என்று வினவினால், 'ஹிஸ் ஃபாதர்' என்று விடையெழுதுவோர் பலராவர். சொல்லறிவு குறைந்தமையால் விளைந்த பிழையன்று இது. எல்லாச் சொற்களின் பொருளையும் அறிந்தவனே இவ்விடையை எழுதுவான். தமிழிற் பெயரெச்சத் தொடர் தான் தழுவும் பெயருக்கு முன்னே நிற்கும். 'சிறைப்பட்ட மனிதன்' என்றதும் அடைமொழி முடிந்துவிடுகிறது, அதன்பின் வருவது முற்றுவினை. ஆங்கிலத்திலோ பெயர் முன்னே நிற்க, அதனை விசேடிக்கும் தொடர் பின்னே நீண்டு, தன்னுள்ளே வேறொரு பெயரையும் கொண்டு முடிகிறது. அவ்வுட்பெயராகிய 'ஃபாதர்' என்பது 'றீச்ட்' என்னும் வினைக்கு மிக அணித்தாய் நிற்பதனால், தமிழின் பழக்கத்தோடு வாசிக்கும் கண் அதனையே எழுவாயாகக் கொள்கிறது. மெய்யான சரித்திரத்தில் அத்தந்தையார் 1661இலேயே கண்டி இராச்சியத்திற் சிறையிருந்தபடி காலமானார். அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையைச் சென்றடைந்தவர் மகனாகிய ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ்.

இத்தகைய வாக்கியத்துக்கு வேண்டிய அப்பியாசம் வெற்றிடம் நிரப்புதலன்று. மாணாக்கன் முதலில் முற்றுவினையைக் கண்டு அடிக்கோடிடுக. பின்னர் 'ஹூ', 'விச்', 'தட்' முதலியவை தொடங்குமிடத்தையும் அத்தொடர் முடியுமிடத்தையும் அடைப்புக்குறியிடுக. அடைப்புக்கு வெளியே எஞ்சி நிற்பதை வாசித்து எழுவாயைக் கூறுக. அதன்பின் அடைப்புக்குள் இருப்பதைத் தமிழிற் பெயரெச்சமாக்கிப் பெயரின் முன் வைத்து எழுதுக. பெயரெச்சம், முற்று, எழுவாய் என்னும் மூன்று பதங்களையும் அவன் தமிழ்ப் பாடத்தில் ஏற்கெனவே அறிவான். மேலும், 'நான் மீன் வாங்கிய மனிதர்' என்னும் தமிழ்த்தொடரில் அம்மனிதரிடமிருந்து வாங்கினேனா, அவருக்காக வாங்கினேனா என்பது சந்தர்ப்பத்தாலேயே அறியப்படும். ஆங்கிலம் 'ஃப்றம் ஹூம்', 'ஃபோர் ஹூம்' என்று அவ்வுறவை வெளிப்படையாய்ச் சொல்லும். தமிழில் தொக்கு நிற்கும் வேற்றுமைப் பொருளை ஆங்கிலத்தில் விரித்தெழுதச் செய்வது மிகச் சிறந்த பயிற்சியாகும்.

வினாவிலுள்ள சொல்லைப் பந்தியில் தேடி, அச்சொல் அகப்பட்ட வாக்கியத்தை முழுதாய்ப் பெயர்த்தெழுதும் வழக்கமும் நம் வகுப்பறைகளில் வேரூன்றியிருக்கிறது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையிற் சிற்சில வினாக்களுக்கு இவ்வுபாயம் புள்ளி பெற்றுத் தருவதால், அதனைக் கைவிடுமாறு மாணாக்கனிடம் சொல்வது எளிதன்று. அவனை அவ்வழக்கத்துக்குத் தள்ளியது மேற்காட்டிய வாக்கிய அமைப்பை அவனுக்கு ஒருவரும் திறந்து காட்டாமையே என்பது என் துணிபு.

தாய்மொழியை ஆங்கில வகுப்பினுட் புகவிடலாகாதென்போர் எழுப்பும் ஆட்சேபம் கவனித்தற்குரியது. முழுப் பாடத்தையும் தமிழில் விளக்கி ஆங்கிலத்தை வாயாற் பேசவே விடாத பழைய மொழிபெயர்ப்பு முறையின் தீமையை அவர்கள் கண்டவர்கள். மாணாக்கனின் பிழைக்குத் தாய்மொழியே காரணமா என்பதிலும் மொழியியலாரிடையே கருத்து வேறுபாடு உண்டு. றொபேட் லாடோ 1957இல் வெளியிட்ட நூலில், இரு பாஷைகளும் வேறுபடுமிடமே மாணாக்கன் இடர்ப்படுமிடம் என்றார். 1967இல் பிற் கோடர், பிழைகள் யாவும் தாய்மொழியின் தலையீட்டால் வருவனவல்ல, அவை மாணாக்கன் தனக்குள் அமைத்துக்கொள்ளும் ஒழுங்கின் சான்றுகள் என்று அதனைத் திருத்தினார். கோடரின் கருத்துக்கு நம் வகுப்பிலேயே சான்றுண்டு: படர்க்கை ஒருமை வினையீற்றுச் 'ஸ்' என்பதை, வினைவிகுதி மிகுந்த பாஷையைப் பேசும் தமிழ்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையைப் போலவே விட்டுவிடுகிறான். ஆகவே எல்லாப் பிழைக்கும் தமிழே காரணமென்று நான் சாதிக்கவில்லை. ஆனால் பிழைக்குத் தமிழ் காரணமாகாத இடத்திலும் விளக்கத்துக்குத் தமிழ் கருவியாகலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து மாணாக்கரை நேரில் ஆராய்ந்து 1999இல் சுரேஷ் கனகராஜா எழுதிய நூல், அந்நியப் பாடநூலின் ஓரங்களில் அவர்கள் எழுதிய குறிப்புகளையும் வகுப்பில் தமிழ் வகித்த இடத்தையும் எடுத்துக் காட்டுகிறது. தமிழ், ஆங்கில வகுப்புக்கு வெளியே ஒருபோதும் நின்றதில்லை. அதனை ஒழுங்கான முறையிற் பயன்படுத்தவில்லை என்பதே குறை.

வாசிப்புக்குரிய விஷயமும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. டாக்காவில் வங்காள மாணாக்கரிடையே பணிசெய்த மைக்கல் வெஸ்ற், அவர்களுக்கு முதலில் வேண்டியது வாசிக்கும் ஆற்றலே என்று 1926இலேயே வற்புறுத்தி, அதற்கேற்ப எளிய வாசக நூல்களை ஆக்கினார். நமக்கோ விஷயம் கையருகிலேயே கிடக்கிறது. நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் தப்பியோடும் படலம், மல்வத்து ஓயா என்றும் அருவியாறு என்றும் வழங்கும் ஆற்றங்கரை வழியே வந்து அரிப்பில் முடிகிறது. 1906ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் உத்தியோகத்தராயிருந்த லெனாட் வுல்ஃப் அவ்வநுபவத்தைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அரிப்பில் இடிந்து நிற்கும் டொறிக் மாளிகை, முத்துக்குளிப்பை மேற்பார்வையிடும் பொருட்டுத் தேசாதிபதி பிரெடறிக் நோத் எழுப்பியது. மன்னாரைப் பற்றி ஆங்கிலத்திலேயே எழுதப்பட்ட இப்பகுதிகளை எளிமையாக்கிக் கிரகித்தற் பந்திகளாய்த் தந்தால், விஷயம் அறிந்ததாயிருப்பதனால் பிள்ளையின் கருத்து முழுவதும் வாக்கியத்தின் கட்டமைப்பிலேயே ஊன்றும். பனி பெய்யும் நகரத்துச் சந்தையைப் பற்றிய பந்தியில் அவன் விஷயத்தோடும் பாஷையோடும் ஒருங்கே போராட வேண்டியிருக்கிறது.

ஒரே வித்தியாசாலையில், அடுத்தடுத்த அறைகளில், தமிழாசிரியர் பெயரெச்சத்தையும் ஆங்கில ஆசிரியர் அதற்கு நிகரான தொடரையும் ஒரே வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒருவரையொருவர் கலந்துகொள்ளாமற் கற்பிப்பது இனியும் தொடரலாகாது. மன்னார், மடு வலயங்களின் கல்வி அதிகாரிகளை நான் வேண்டிக்கொள்வது இதுவே: ஆங்கில ஆசிரியர் சிலரையும் தமிழாசிரியர் சிலரையும் ஒருங்கு கூட்டி, ஆறாந் தரம் முதற் பதினோராந் தரம் வரைக்குமான அப்பியாச நூலொன்றை, வேற்றுமையுருபு, பால்பகா அஃறிணை, பெயரெச்சம், 'என்று' என முடியும் நேர்கூற்று ஆகிய தமிழிலக்கணத் தலைப்புகளை அடியொற்றி, இம்மாவட்டத்து வரலாற்றுப் பந்திகளோடு தொகுக்கச் செய்யுங்கள். அதற்கு வேண்டிய இலக்கணமும் வாசகமும் நம்மிடம் உள்ளன. ஆசிரியர்கள் ஒரு மேசையில் அமர்வதற்கு வலயக் காரியாலயத்தின் அனுமதி ஒன்றே வேண்டும்.