698–0: ஒரு சீசனும் ஒன்பது மூட்டைச் சரக்கும்

ஊட்டியில உட்கார்ந்துகிட்டு அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு ஒரு எபிசோடான்னு கேட்பீங்க. கொஞ்சம் பொறுங்க, நம்ம ஊர்லயிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1882-ல் ஊட்டி கிளப் பில்லியர்ட்ஸ் அறையில ஸ்னூக்கர் விதிகளை எழுதி மாட்டினாங்க. இந்தக் கதை இங்கே பலருக்கும் தெரியும். எழுதினவர் நெவில் சேம்பர்லேன். பிரிட்டிஷ் பிரதமரா இருந்தாரே, அவர் இல்லை. இவர் ராணுவ அதிகாரி. 1875-ல் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில் மழைக்காலப் பொழுதுபோக்கா முளைச்ச ஆட்டத்துக்கு, ஊட்டியில எழுத்து வடிவம் கிடைச்சது.

அதே 1882-ல் அமெரிக்காவின் யேல் கல்லூரியைச் சேர்ந்த வால்டர் கேம்ப்பும் ஒரு விதி எழுதினார். அதுக்கு முந்தின வருஷம் யேலும் பிரின்ஸ்டனும் மோதின ஆட்டம் பெரிய கூத்து. பந்தை வச்சிருக்கிற அணி அதை விடவே வேண்டாம்ங்கிறதுதான் அன்றைய நிலைமை. முதல் பாதி முழுக்க ஒரு அணி, அடுத்த பாதி முழுக்க இன்னொரு அணி பந்தைப் பிடிச்சுகிட்டே நேரத்தை ஓட்டிடுச்சு. முடிவு 0–0. பார்க்க வந்தவங்க கடுப்பாகிட்டாங்க. கேம்ப் சொன்ன தீர்வு இதுதான்: மூணு முயற்சிக்குள்ள 5 கஜம் முன்னேறணும், முடியலைன்னா பந்து எதிரணிக்கு. தூரத்தை அளக்கிறதுக்காக 5 கஜத்துக்கு ஒரு கோடு போட்டாங்க. இன்னைக்கு அது நாலு முயற்சி, 10 கஜம். ஆனா அமெரிக்கன் ஃபுட்பாலோட உயிர்நாடி இன்னமும் அந்த விதிதான்.

இப்போ 1888 சீசனுக்கு வருவோம். கேம்ப் யேலின் பயிற்சியாளர். 13 ஆட்டம், 13 வெற்றி. யேல் எடுத்தது 698 புள்ளிகள். எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது பூஜ்ஜியம்! ஒரு டச்டவுனுக்கு 4 புள்ளிதான் கிடைச்ச காலம் அது. கொஞ்சம் தாக்குப்பிடிச்சது பிரின்ஸ்டன்தான்: நியூயார்க்கில் 10–0.

இந்த சீசன்ல எனக்குப் பிடிச்ச ஆள் ஸ்கோர்போர்டுலயே இல்லை. கேம்ப்புக்குப் பகல்ல கடிகார கம்பெனியில வேலை. பயிற்சிக்குப் போக முடியாது. அந்த வருஷம்தான் அவரைக் கல்யாணம் பண்ணியிருந்த ஆலிஸ், மைதானத்துல நின்னு யார் எப்படி ஆடுறாங்கன்னு குறிப்பெடுத்துகிட்டு வருவாங்க. ராத்திரி வீட்ல அதை வச்சுத்தான் பேச்சு. அந்த அணியில ஆடின அமோஸ் அலோன்சோ ஸ்டாக், பின்னாளில் தானே பெரிய பயிற்சியாளர் ஆனவர், ஆலிஸையும் பயிற்சியாளராத்தான் மதிச்சார். ஆனா ‘அமெரிக்கன் ஃபுட்பாலின் தந்தை’ங்கிற பட்டம் வால்டருக்கு மட்டும்தான்.

அந்த ஜெர்சியில இருந்த பேருக்கும் நமக்கும் சம்பந்தம் இருக்கு. எலைஹு யேல், 1687 முதல் 1692 வரை சென்னை ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். அவர் காலத்துல சென்னையிலிருந்து செயின்ட் ஹெலினா தீவுக்கு அடிமைகளைக் கப்பல்ல அனுப்பினாங்க. கடைசியில ஊழல் புகார்ல பதவி போச்சு. ஆனா சேர்த்த சொத்து போகல. 1718-ல் அவர் அமெரிக்கக் கல்லூரி ஒண்ணுக்கு ஒன்பது மூட்டைச் சரக்கு, 417 புத்தகம், அரசர் படம் ஒண்ணு அனுப்பினார். சரக்கு 562 பவுண்டுக்கு வித்தது. நன்றிக்குக் கல்லூரி அவர் பேரையே வச்சுகிட்டது.

மூட்டைகள்ல இருந்தது துணி. மஸ்லின் இருந்தது, காலிகோ இருந்தது. காலிகோங்கிற பேரே கோழிக்கோட்டிலிருந்து வந்ததுதான். இங்கேருந்து கூடலூர் வழியா மலை இறங்கினா வர்ற அதே கோழிக்கோடு. துணியைக் கொடுத்தவர் பேர் கல்லூரிக்கு வந்தது, ஜெர்சிக்கு வந்தது. நெய்தவங்க ஒருத்தர் பேர்கூட நமக்கு வந்து சேரல.

ஊட்டி கிளப் வழியாப் போகும்போது எனக்கு இப்போ அந்த நினைப்புதான். சேம்பர்லேன் எழுதினார், சரி. அந்த மேஜையைத் துடைச்சு, பந்து அடுக்கி, புள்ளி எண்ணினவங்க யாரு? உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது இந்த மலையில கிளப்லயோ எஸ்டேட் பங்களாவுலயோ வேலை பார்த்திருந்தா, அவங்ககிட்ட உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்க. எனக்கும் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.