தினமும் ஒரு வைட்டமின் மாத்திரை: வாங்கும் முன் இரண்டு கேள்விகள்



"டீச்சர், தினமும் எந்த வைட்டமின் மாத்திரை சாப்பிட்டால் நல்லது?" என்று கடந்த சில மாதங்களில் நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். நான் மருத்துவர் இல்லை. இந்த மாத்திரையைச் சாப்பிடுங்கள் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் வைட்டமின்களின் வரலாற்றைச் சொல்ல முடியும். உங்கள் கேள்விக்குப் பாதி விடை அதிலேயே இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் உட்கார்ந்த மாதிரி நினைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

பற்றாக்குறை நோய்கள் என்று பாடத்தில் படித்தது நினைவிருக்கிறதா? மாலைக்கண், பெரிபெரி, ஸ்கர்வி, ரிக்கெட்ஸ். முதலில் ஸ்கர்வியை எடுத்துக்கொள்வோம். மாதக்கணக்கில் கடலில் இருந்த மாலுமிகளுக்கு ஈறு வீங்கி ரத்தம் கசியும், பழைய காயங்கள் திறந்துகொள்ளும், கடைசியில் உயிர் போகும். அதற்கு ஆளாளுக்கு ஒரு மருந்து சொன்னார்கள். எல்லோரும் அனுபவத்தில் கண்டதாகவே சொன்னார்கள்.

1747-ல் 'சாலிஸ்பரி' என்ற ஆங்கிலேயக் கப்பலின் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் ஒரு காரியம் செய்தார். ஸ்கர்வி வந்த 12 மாலுமிகளை இருவர் இருவராக ஆறு ஜோடியாகப் பிரித்தார். அடிப்படைச் சாப்பாடு எல்லோருக்கும் ஒன்றுதான். அதோடு ஒரு ஜோடிக்கு வினிகர், ஒரு ஜோடிக்குக் கடல்நீர், ஒரு ஜோடிக்கு நீர்த்த கந்தக அமிலம் என்று ஆளுக்கொரு மருந்து. ஒரு ஜோடிக்கு மட்டும் தினமும் இரண்டு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும். ஆறே நாளில் பழம் தீர்ந்துவிட்டது. அதற்குள் அந்த இருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பும் அளவுக்குத் தேறிவிட்டார். லிண்ட் இதை 1753-ல் புத்தகமாக எழுதினார். ஆங்கிலேயக் கடற்படை எலுமிச்சைச் சாற்றைக் கட்டாயமாக்கியது 1795-ல்தான். நல்ல சான்று இருந்தும் 42 ஆண்டுகள் வீணாயின.

அடுத்த கதையில் நம் புழுங்கல் அரிசி வருகிறது. சுமார் 120 ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் மரத்துப்போகும், வீங்கும், இதயம் நின்றுவிடும். அங்கே கூலி வேலைக்குப் போயிருந்த தமிழர்களுக்கு இந்த நோய் அரிதாகவே வந்தது. தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களுக்கு அதிகம் வந்தது. பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து, அரிசியில்தான் விஷயம் இருக்கிறது என்றார். இனம் காரணம், இடம் காரணம் என்று மற்றவர்கள் வாதாடினார்கள்.

1905-ல் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை வரிசையில் நிற்கவைத்து எண்ணினார். நம் உடற்பயிற்சி வகுப்பில் செய்வோமே, அதேபோல. ஒற்றைப்படை எண் வந்தவர்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். ஒரு பிரிவுக்குச் சயாம் நாட்டு வெள்ளை அரிசி, மற்றதற்கு இந்தியப் புழுங்கல் அரிசி. வெள்ளை அரிசிப் பிரிவில் பெரிபெரி பரவி உயிர்களையும் பறித்தது. புழுங்கல் அரிசிப் பிரிவில் அது பரவவே இல்லை. வாயில்லாத நோயாளிகள்மேல் இப்படிச் சோதனை செய்ய இன்று எவரும் அனுமதிக்க மாட்டார்கள். அனுமதிக்கவும் கூடாது. ஆனாலும் அவர்கள் உயிர் கொடுத்துச் சொன்ன உண்மையை நாம் மறக்கக் கூடாது.

காரணம் பிறகு தெளிவானது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதன்பின் தீட்டினாலும் முழுதும் போவதில்லை. அந்தச் சத்துதான் இன்று நாம் வைட்டமின் பி1 என்று சொல்லும் தயமின். 1912-ல் காசிமிர் ஃபங்க் என்ற விஞ்ஞானி இத்தகைய பொருள்களுக்கு 'வைட்டமின்' என்று பெயர் வைத்தார்.

இதுவரை சொன்ன இரண்டு கதைகளிலும் உடலில் ஒன்று குறைந்திருந்தது. குறைந்ததைக் கொடுத்ததும் நோய் தீர்ந்தது. பார்த்தவர்களுக்கு அது அதிசயமாக இருந்தது. அதிசயம் என்றால் மனித மனம் அடுத்துக் கேட்பது என்ன? "கொஞ்சம் கொடுத்ததற்கே இப்படியென்றால், நிறையக் கொடுத்தால்?" சிக்கல் இங்கேதான் ஆரம்பித்தது.

லைனஸ் பாலிங் இரண்டு நோபல் பரிசு வாங்கியவர். வேதியியலுக்கு 1954-ல், அமைதிக்கு 1962-ல். அவர் 1970-ல் ஒரு புத்தகம் எழுதி, வைட்டமின் சி-யைக் கிராம் கணக்கில் தினமும் சாப்பிட்டால் சளி பிடிக்காது என்றார். அமெரிக்காவே கடைக்கு ஓடியது. பிறகு நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், சாதாரண மக்களுக்குச் சளி வருவது அதனால் குறையவில்லை. தினமும் சாப்பிட்டுவரும் பெரியவர்களுக்குச் சளி நீடிக்கும் காலம் சுமார் 8 சதவீதம் குறைகிறது, அவ்வளவுதான். "பாலிங் 93 வயது வரை வாழ்ந்தாரே" என்று கேட்பீர்கள். மாத்திரையே தெரியாமல் 93 வயது வாழ்ந்த பாட்டிகள் நம் தெருவிலேயே உண்டு. ஒருவரை மட்டும் பார்த்தால் ஒப்பீடு ஆகாது. எவ்வளவு பெரிய மனிதர் சொன்னாலும் சரி.

இனி சொல்லப்போகும் இரண்டு ஆய்வுகளைத்தான் நீங்கள் முக்கியமாக மனதில் வைக்க வேண்டும்.

ஒன்று நம் தமிழ்நாட்டில் நடந்தது. முடிவு வெளியானது 1990-ல். 5 வயது வரையுள்ள 15,419 குழந்தைகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒருமுறை சிறு அளவில் வைட்டமின் ஏ. மற்றப் பிரிவுக்கு அது இல்லை. ஓராண்டு முடிவில், வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைவு! 3 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் சத்துக்குறைவால் வளர்ச்சி குன்றியவர்களுக்கும் பலன் அதிகம். சில துளி மருந்து பிள்ளைகளின் உயிரையே காப்பாற்றியது.

மற்றது பின்லாந்தில் நடந்தது. முடிவு வெளியானது 1994-ல். கேரட்டும் கீரையும் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று முன்பே கவனித்திருந்தார்கள். கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின் உடலில் வைட்டமின் ஏ-ஆக மாறக்கூடியது. அதையே மாத்திரையாகக் கொடுத்தால் என்ன? புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் சோதித்தார்கள். பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது. நம்புவதற்கே கஷ்டமாக இருந்தது. ஆனால் அமெரிக்காவில் நடந்த இன்னொரு பெரிய ஆய்விலும், பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் பெற்றவர்களுக்கு 28 சதவீதம் அதிகம். 1996 ஜனவரியில் அதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

ஒரே குடும்பத்துச் சத்து. இங்கே குறைபாடுள்ள குழந்தைக்கு உயிர் கொடுத்தது. அங்கே குறைபாடில்லாத புகைபிடிப்பவருக்குக் கெடுதல் செய்தது. ஆகவே "வைட்டமின் நல்லதா கெட்டதா?" என்ற கேள்வியே சரியில்லை. கேட்க வேண்டியவை இரண்டு.

ஒன்று: எனக்கு அது குறைவாக இருக்கிறதா? எப்படித் தெரியும்?
இரண்டு: சாப்பிட்டவர்களைச் சாப்பிடாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா?

இந்த இரண்டு கேள்வியிலும் தேறிய மாத்திரைகள் உண்டு. கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்தால் குழந்தைக்குத் தண்டுவடக் குறைபாடு வருவது பெருமளவு குறையும் என்று 1991-லேயே நிரூபித்துவிட்டார்கள். திருமணமான மாணவிகளே, இதை உங்கள் மருத்துவரிடம் தவறாமல் கேளுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுகிறவர்களுக்கும், முட்டை, பால்கூடச் சேர்க்காத சுத்த சைவக்காரர்களுக்கும் பி12 குறைய வாய்ப்புண்டு. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். குறைந்திருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் எடுக்கத்தான் வேண்டும். சந்தேகப்படுவது என்றால் எல்லாவற்றையும் தூக்கி எறிவது என்று பொருளல்ல.

மறுபக்கமும் உண்டு. வைட்டமின் டி அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் பாதிக்கப்படும். கர்ப்ப காலத்தில் வைட்டமின் ஏ அளவு மீறினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. முடி வளர என்று விற்கும் பயோட்டின் தைராய்டு பரிசோதனை முடிவையே மாற்றிக் காட்டும். வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் கே மருந்தின் வேலையைக் கெடுக்கும். பெரியவர்களின் இரும்புச்சத்து மாத்திரையை மிட்டாய் என்று குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. சென்ற மாதம் ஒரு மாணவி பேசினாள். அவள் அம்மா, தெரிந்தவர் ஒருவர் விற்ற சத்து மாத்திரையை நம்பி, சர்க்கரை மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். டப்பாவின் விலை அவர் ஓய்வூதியத்தில் ஆறில் ஒரு பங்கு. சர்க்கரை ஏறி மூன்று நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்திருக்கிறார். நம் நாட்டில் இத்தகைய டப்பாக்கள் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன, மருந்துச் சட்டத்தின் கீழ் அல்ல. 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற பொருள்படும் ஆங்கில வாசகம் அதன் மேலேயே அச்சாகியிருக்க வேண்டும். விற்பவர் சொல்வதைக் கேட்கும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். அம்மா அப்பாவின் அலமாரியில் இருக்கும் சத்து மாத்திரை டப்பாக்களை எல்லாம் ஒரு பையில் போடுங்கள். அடுத்தமுறை மருத்துவரிடம் போகும்போது, மற்ற மருந்துச் சீட்டுகளோடு அந்தப் பையையும் எடுத்துப் போய் மேசையில் வையுங்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்று அவரே பிரித்துத் தரட்டும். மருத்துவர் கொடுத்த மருந்தை மட்டும் அவரைக் கேட்காமல் குறைக்காதீர்கள்.

கேள்வி இருந்தால் கீழே எழுதுங்கள். தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்