வெளிநாட்டு ஊழியரை நல்லா பார்த்துக்கிட்டா நிறுவனத்துக்கு லாபமா?

"நியாயமா நடக்கலாம்தான். அந்தச் செலவு திரும்ப வருமா?"

முதலாளிகள் பலரின் கேள்வி இது. மலேசியாவில் நடந்தவற்றைப் பார்த்தால் உங்களுக்கு ஓரளவு பதில் கிடைக்கும்.

கையுறைக்கு வந்த தடை

உலகின் ஆகப் பெரிய ரப்பர் கையுறைத் தயாரிப்பாளர், மலேசியாவின் டாப் குளோவ். 2020 ஜூலையில் அதன் 2 துணை நிறுவனங்களின் கையுறைகளை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது. காரணம், கட்டாய உழைப்பு நடப்பதாக எழுந்த சந்தேகம்.

தடை நீங்கியது 2021 செப்டம்பரில். அதற்குள் ஊழியர்களுக்கு 30 மில்லியன் டாலருக்கும் மேல் வழங்கப்பட்டதாகச் சுங்கத்துறை சொன்னது. வேலைக்காக முகவர்களிடம் அவர்கள் கட்டிய பணத்துக்கு ஈடு அது.

கடன் ஏன் பெரிய விஷயம்?

நீங்களே யோசித்துப் பாருங்கள். ஊரில் வட்டிக்கு வாங்கி முகவருக்குக் கட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள். இயந்திரம் பழுது, சம்பளம் குறைவு என்றால் வாயைத் திறப்பீங்களா? வேலையை விடுவீங்களா?

அதனால்தான் கட்டாய உழைப்புக்கு அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு சொல்லும் 11 அடையாளங்களில் கடன் பிணைப்பும் ஒன்று. கடப்பிதழைப் பிடித்துவைப்பது, சம்பளத்தை நிறுத்திவைப்பது, மோசமான தங்குமிடம் ஆகியவையும் அதில் உண்டு.

நெரிசலுக்கும் விலை உண்டு

2020 நவம்பரில் கிள்ளானில் அதே நிறுவனத்தின் ஊழியர்களிடையே கொரோனா பரவியது. பாதிக்கப்பட்டோர் 5,000க்கும் மேல். 28 ஆலைகளைக் கட்டங்கட்டமாக மூட உத்தரவு வந்தது.

வாடிக்கையாளர் கைவிட்டால்?

ஏடிஏ ஐஎம்எஸ் நிறுவனத்தின் வருமானத்தில் சுமார் 80 விழுக்காடு டைசன் என்ற ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தது. ஊழியர் நிலைமை பற்றிய தணிக்கைக்குப் பிறகு, 2021 நவம்பரில் டைசன் ஒப்பந்தத்தை முறித்தது. ஏடிஏ பங்கு விலை சரிந்தது.

அப்போ, எப்பவுமே லாபம்தானா?

அப்படிச் சொல்ல முடியாது. தடை இருந்த 2021 நிதியாண்டில் டாப் குளோவ் 7 பில்லியன் ரிங்கிட்டுக்கும் மேல் லாபம் பார்த்தது. அப்போது உலகமே கையுறை தேடியது.

தவறுக்கான பில் உடனே வருவதில்லை. சுங்கத்துறையோ வாடிக்கையாளரோ அரசாங்கமோ சோதிக்கும்போதுதான் வருகிறது. ஆனால் கடனில் வந்த ஊழியர் முதல் மாதத்திலிருந்தே கட்டிக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் ஆள் எடுப்பவரா? இவற்றைப் பாருங்கள்:

- முகவருக்கு ஊழியர் எவ்வளவு கட்டினார்? முகவரிடம் மட்டும் கேட்காதீர்கள், ஊழியரிடமும் கேளுங்கள்.
- கடப்பிதழ் யார் கையில் இருக்கிறது?
- தங்குமிடம் விதிப்படி உள்ளதா? மலேசியாவில் விதியை மீறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம்.

இந்த மூன்றையும் சரிசெய்ய ஆகும் செலவை முன்கூட்டியே கணக்குப் போடலாம். தடையோ ஒப்பந்த முறிவோ வந்தால் எவ்வளவு போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.