வன்னி ஈன்ற வைத்தியக் கல்லூரி

நிறுவனங்களின் வரலாறுகள் பெரும்பாலும் தேசாதிபதிகளின் பெயர்களோடு தொடங்கிக் கொடையாளிகளின் பெயர்களோடு முடிவடைகின்றன. கொழும்பு வைத்தியக் கல்லூரியின் வரலாறும் அவ்வாறே கூறப்பட்டு வந்துள்ளது. 1870ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதலாந் திகதி, சேர் ஹேர்கியூலிஸ் ரொபின்சன் தேசாதிபதியாக இருந்த காலத்தில், அக்கல்லூரி ஒரு சிறு பாடசாலையாகத் தோன்றியது என்பது உண்மையே. ஆயின், அது தோன்றுவதற்குக் காரணமாக இருந்தோர் யார் என்ற வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. அவர்கள் கொழும்பைக் கண்ணாற் கண்டிராதவர்கள். வன்னிக் காட்டினிடையே, உடைந்த குளங்களின் அருகே, சிற்றூர்களில் வாழ்ந்து மடிந்த ஏழை விவசாயிகள்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதியில் வன்னியின் நிலை இரங்கத்தக்கதாக இருந்தது. குளங்கள் தூர்ந்து கிடந்தன. குளம் அழிந்தால் வயல் அழியும். வயல் அழிந்தால் ஊர் அழியும். அன்றைய அரசாங்கத்தின் கண்ணோ மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களின் மீது பதிந்திருந்தது. அத்தோட்டங்களுக்கென்று தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியும் அம்மையும் அவர்களோடு நடந்தன. வழியில் விழுந்து இறந்த கூலிகளும், வழியோரக் கிராமங்களில் நோய்ப்பட்டு இறந்த குடிகளும் ஒரே பொருளாதார அமைப்பின் பலிகளே என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவற்றுக்கு மேலாக வன்னி மக்களை வாட்டியது பறங்கி நோய். பெரும்பாலும் சிறுவரைப் பற்றி, தோலைப் புண்ணாக்கி, எலும்பை அரித்து, உழைக்கும் கைகால்களை முடமாக்கும் கொடிய நோய் அது. வட மாகாணத்தின் அரசாங்க வைத்தியராக இருந்த டொக்டர் ஜேம்ஸ் லோஸ் வன்னியில் சனத்தொகை குன்றி வருவதன் காரணங்களை ஆராய்ந்து, 1868ஆம் ஆண்டில் அறிக்கை சமர்ப்பித்தார். நோயைத் தனியாகப் பிரித்து நோக்காது, மக்களின் உணவையும் குடிநீரையும் சேர்த்தே அவர் நோக்கினார். இந்நாட்டவரையே வைத்தியராகப் பயிற்றுவிக்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது இதன் பின்னரே.

அதற்கு முன்னர் இலங்கை இளைஞர் வைத்தியம் கற்க வேண்டுமாயின் கல்கத்தாவுக்குச் செல்ல வேண்டியிருந்தது. அவ்வழியிற் கிடைத்த விரல்விட்டு எண்ணத்தக்க வைத்தியர் நாடு முழுவதற்கும் எவ்வாறு போதுவர்? ஆகவே, 1864இல் நிறுவப்பட்ட கொழும்புப் பொது வைத்தியசாலையின் பெண்கள் பகுதி ஒன்றிலே, 25 மாணவருடன், மூன்றாண்டுப் படிப்பாகப் பாடசாலை ஆரம்பமாயிற்று. வன்னியைப் பற்றி அறிக்கை எழுதிய அதே லோஸ் முதல் அதிபரானார்.

வைத்தியசாலைக்குள்ளேயே கல்லூரி பிறந்தமை தற்செயலன்று. வைத்தியக் கல்வி ஏட்டினால் மட்டும் வருவதன்று. நோயாளியின் படுக்கையருகே நின்று, தொட்டு, கேட்டு, கண்டு கற்பது. அந்நாளிற் பொது வைத்தியசாலையின் படுக்கைகளிற் கிடந்தவர் யாவர்? செல்வர் தத்தம் வீடுகளுக்கே வைத்தியரை அழைத்துக்கொண்டனர். துறைமுகத் தொழிலாளியும், வண்டிக்காரனும், ஆதரவற்ற கர்ப்பிணியுமே அங்கு வந்தனர். வைத்திய மாணவனின் முதற் பாடநூல் ஏழையின் உடலே. எந்த வைத்தியரும் தமது அறிவைத் தமது சொந்தச் சொத்தென்று கூறிக்கொள்ள முடியாது; அது பெயரறியா நோயாளர் ஆயிரவரிடம் பெற்ற கடன்.

கல்லூரி விரைவாக வளர்ந்தது. 1875இல் முதலியார் சாம்சன் இராஜபக்ஷ நிலம் வழங்கினார். சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா கட்டிடங்களுக்குப் பொருள் வழங்கினார். அவர் பெயராலேயே 1879இற் பிரசவ விடுதியும் திறக்கப்பட்டது. இரண்டாம் அதிபர் ஈ. எல். கொக் நினைவாக 1881இல் எழுந்த மணிக்கூட்டுக் கோபுரம் இன்றும் நிற்கின்றது. 1880இல் பாடசாலை இலங்கை வைத்தியக் கல்லூரியாக உயர்ந்தது. படிப்புக் காலம் படிப்படியாக ஐந்தாண்டாயிற்று. 1887இற் பிரித்தானியப் பொது வைத்திய சபை அதன் சான்றிதழை ஏற்றுக்கொண்டது. 1892இற் பெண்களும் சேர்க்கப்பட்டனர். இவை யாவும் பாராட்டுக்குரியனவே.

எனினும், இவ்வளர்ச்சிக்கு ஒரு விலையும் உண்டு. வன்னியை நோக்கிப் பிறந்த கல்லூரி இலண்டனை நோக்கித் திரும்பிற்று. ஆங்கிலப் பாடசாலையிற் பயின்ற, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே அதன் கதவு திறந்தது. வைத்தியர் ஆசிரியரோடு ஒரு மொழியிலும் நோயாளியோடு பிறிதொரு மொழியிலும் பேசலாயினர். காலப்போக்கில் இவ்விரு மொழிகளுக்கிடையே இருந்த தூரம் இரு வர்க்கங்களுக்கிடையே இருந்த தூரமுமாயிற்று.

வேறு வழி இருக்கவில்லையா? இருந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மாணவரைச் சேர்த்து மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். 1860களில் அவர் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார், உடற்கூறு, சத்திரசிகிச்சை, பிரசவம் ஆகிய துறைகளின் நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களை வகுத்தார். 1873இல் அவர் தாயகம் திரும்புமுன் அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்றிருந்தனர். அவர் மதப் பணிக்கென வந்தவர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், தமிழில் வைத்தியம் கற்பிக்க இயலுமா என்று இன்றும் ஐயுறுவோருக்கு, கொழும்புக் கல்லூரி தோன்றுமுன்னரே மானிப்பாயில் விடை கூறப்பட்டுவிட்டது. அரசாங்கம் அவ்வழியைப் பின்பற்றவில்லை. இன்றும் இலங்கையின் வைத்திய பீடங்களில் ஆங்கிலமே போதனா மொழி.

விஞ்ஞானம் தன் பங்கைச் செய்தது. கொழும்பின் நுண்ணுயிர் ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய இத்தாலிய வைத்தியர் அல்டோ கஸ்தெல்லானி, 1905ஆம் ஆண்டிலே பறங்கி நோயாளரின் புண்களிலிருந்து அந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். கல்லூரியைத் தோற்றுவித்த நோயின் மூலம் அக்கல்லூரி அமைந்த நகரிலேயே புலப்பட்டது. பின்னர் ஆசனிக் கலந்த மருந்துகளும் அதன்பின் பெனிசிலினும் அந்நோயை விரட்டின. ஆனால், பறங்கி நெரிசலிலும் அழுக்கிலும் வறுமையிலும் தழைப்பது. தூய நீரும் மாற்றுடையும் வயிறார உணவும் இல்லாத இடத்தில் மருந்து மட்டும் அரைப் பணியே செய்யும்.

இவ்வுண்மையை 1934–35ஆம் ஆண்டு மலேரியா நாட்டுக்கே உணர்த்திற்று. மழை பொய்த்து, ஆறுகள் குட்டைகளாகி, நுளம்பு பெருகி, சில மாதங்களில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கேகாலை, குருநாகல் கிராமங்களுக்கு உதவிக்குச் சென்ற சூரியமல் இயக்கத்துத் தொண்டர்கள், கொயினா மட்டும் போதாது, கஞ்சியும் வேண்டும் என்பதைக் கண்டனர். பட்டினியால் நலிந்த உடலையே காய்ச்சல் எளிதிற் கொன்றது. கல்லூரி தோன்றி அறுபத்தைந்து ஆண்டுகளாகியும், வைத்தியம் கிராமத்தை எட்டவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மாற்றம் மக்களின் உரிமைகளோடு வந்தது. 1931இற் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. 1942இற் கல்லூரி இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வைத்திய பீடமாயிற்று. 1945இல் இலவசக் கல்வி வந்தது. அதன்பின் அரசாங்க வைத்தியசாலைகளிற் சிகிச்சையும் இலவசமாயிற்று. விவசாயியின் மகனும் ஆசிரியரின் மகளும் வைத்திய பீடத்தின் படியேறினர். வாக்குரிமை பெற்ற கிராமம் வைத்தியசாலையைக் கேட்டது. இலவசக் கல்வி அதற்கு வைத்தியரைத் தந்தது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது, இவ்வமைப்பின் நீண்ட உழைப்பின் பயனே.

1962இற் பேராதனையிலும், 1978இல் யாழ்ப்பாணத்திலும் காலியிலும், பின்னர் மட்டக்களப்பு உட்படப் பிற இடங்களிலும் வைத்திய பீடங்கள் எழுந்தன. ஆனால் இடங்கள் அரிதாக இருந்தமையால் அவை பூசலுக்கும் பொருளாயின. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல், தமிழ் மாணவர் வைத்தியம் பயிலக் கூடிய புள்ளிகள் பெறவேண்டுமென விதித்தது. நோயாளியின் தேவையை அளக்க வேண்டிய கோல், மாணவனின் மொழியை அளக்கப் பயன்பட்டது. அதன் கசப்பு ஒரு தலைமுறையின் அரசியலையே மாற்றிற்று.

2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில், வன்னியிலே, சில அரசாங்க வைத்தியர்கள் எறிகணைகளுக்கிடையே ஒவ்வோரிடமாகப் பெயர்ந்து, பாடசாலைகளிலும் கொட்டில்களிலும், போதிய மருந்தும் குருதியுமின்றிக் காயப்பட்டோரைக் காக்க முயன்றனர். லோஸ் ஆராய்ந்த அதே மண்ணில், இலவசக் கல்வி உருவாக்கிய வைத்தியர் மக்களை விட்டகலாது நின்றனர். இதனை வைத்தியக் கல்வியின் வரலாறு பதிவு செய்யாவிடின், வேறெதனைப் பதிவு செய்யும்?

1995இற் கொழும்புப் பொது வைத்தியசாலை தேசிய வைத்தியசாலையெனப் பெயர் பெற்றது. ஆனால் 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது மருந்துகள் அருகின. வைத்தியர் பலர் நாட்டைவிட்டுச் சென்றனர். அவர்களைத் துரோகிகளென்று தூற்றுதல் எளிது. ஆயின், தூர மாவட்டத்தில் விடுதியும் கருவியும் பிள்ளைகளுக்குப் பாடசாலையும் இல்லாத நிலையை மாற்றாது, வைத்தியரிடம் தியாகத்தை மட்டும் எதிர்பார்ப்பது நேர்மையாகாது. பொதுப்பணத்திற் கற்றோருக்குக் கடமை உண்டு. அக்கடமையைச் செய்யும் வாய்ப்பை அமைத்துக்கொடுக்கும் கடமை அரசுக்கு உண்டு. இரண்டையும் ஒருசேரக் கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு.

கல்லூரியின் பெருமை அதன் மணிக்கூட்டுக் கோபுரத்திலோ அதன் பட்டதாரிகள் கடல்கடந்து பெறும் பதவிகளிலோ இல்லை. மாங்குளத்திலோ மொனராகலையிலோ நள்ளிரவிற் பிரசவ வேதனைப்படும் ஒரு தாய்க்கு, அவள் மொழியிற் பேசி, அவள் உயிரைக் காக்கக்கூடிய ஒரு வைத்தியர் அருகில் இருக்கிறாரா என்பதே அதனை அளக்கும் கோல். அக்கோலைக் கையிலெடுத்து, அளந்து, கேட்கவேண்டியவர்கள் நாமே.