பெயரும் தீர்ப்பும்: பெய்ஜிங் 1989

வரலாற்று நிகழ்ச்சிகளுக்குப் பெயரிடுதல் பிற்கால ஆய்வாளர் பணி எனக் கருதப்படுவதுண்டு. சீனத்தில் 1989ஆம் ஆண்டு நிகழ்ந்த மக்களாட்சிக் கிளர்ச்சியிலோ பெயரே போராட்டப் பொருளாயிற்று. அப்பெயர்களின் வரலாற்றையும் அவற்றைத் தமிழாக்குவதிலுள்ள சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சீனப் பொதுவுடைமைக் கட்சியின் முன்னாள் பொதுச்செயலர் ஹூ யாவ்பாங் 1989 ஏப்ரல் 15இல் மறைந்தார். அவருக்கு அஞ்சலி செலுத்த தியானன்மென் சதுக்கத்தில் திரண்ட மாணவர்கள் பேச்சுரிமையும் ஊழலொழிப்பும் வேண்டினர். ஏப்ரல் 26இல் கட்சியின் 'மக்கள் நாளிதழ்' தன் தலையங்கத்தில் அதனைத் 'தோங்லுவான்' என்றது. 'தோங்' அசைவு, 'லுவான்' ஒழுங்கின்மை. பண்பாட்டுப் புரட்சிக் காலத்தைப் 'பத்தாண்டுத் தோங்லுவான்' எனக் குறித்து வந்தமையால் இச்சொல் குற்றச்சாட்டாகவே ஒலித்தது. மறுநாளே மாணவர்கள் பெருந்திரளாக ஊர்வலம் சென்றனர். தம் செயல் நாட்டுப்பற்றுள்ள மக்களாட்சி 'யுன்தோங்', அதாவது இயக்கம், என்பது அவர்கள் வாதம். இரு சொற்களிலும் 'தோங்' என்னும் உருபன் ஒன்றே. மே 13இல் தொடங்கிய உண்ணாநோன்பும் இவ்வேற்பையே கோரியது. தலையங்கத்தின் கடுமையைத் தணிக்க முயன்ற பொதுச்செயலர் ஜாவ் ஸியாங் தோற்றார். மே 20இல் படைத்துறைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

ஜூன் 3 இரவு படைகள் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே நகருக்குள் நுழைந்தன. பலர் மாண்ட இடம் சதுக்கமன்று. மூஷிதி முதலிய மேற்குப் பகுதித் தெருக்களே. மாணவர்களோடு நகரமக்களும் மாண்டனர். அரசு ஏறத்தாழ 300 பேர் எனக் கூறியது. பிற மதிப்பீடுகள் பல நூறு முதல் ஆயிரங்கள் வரை செல்கின்றன. ஜூன் 9இல் தெங் சியாவ்பிங் ஆற்றிய உரையில் 'தோங்லுவான்' வளர்ந்து எதிர்ப்புரட்சிப் 'பாவ்லுவான்' ஆனதாகக் கூறப்பட்டது. 'பாவ்' வன்முறையைக் குறிக்கும். படையை ஏவியமைக்கு அவ்வடையே நியாயமாயிற்று. பின்னர் 'அரசியல் ஃபெங்போ' என்னும் மென்சொல் வழக்கிற்கு வந்தது. காற்றும் அலையும் என்பது அதன் நேர்ப்பொருள். கட்சி 2021இல் நிறைவேற்றிய வரலாற்றுத் தீர்மானத்திலும் இச்சொல்லே உள்ளது.

மக்கள் வழக்கு வேறு. 1919ஆம் ஆண்டு மே நான்கு இயக்கத்தை 'ஐந்து-நான்கு' என்பது போல, இதனையும் 'ஆறு-நான்கு' என்றனர். இணையத்தில் அவ்வெண்கள் தணிக்கைக்குள்ளானபோது 'மே 35' என எழுதினர்.

மொழிபெயர்ப்பாளர் இங்கு விழிப்புடன் இருத்தல் வேண்டும். 'தோங்லுவான்' என்பதைக் 'கிளர்ச்சி' என்றால் மாணவர்கள் ஏன் கொதித்தனர் என்பது விளங்காது. தமிழில் அச்சொல் மதிப்பிற்குரிய போராட்டத்திற்கும் வழங்குவது. 'கலவரம்' என்பதே பொருந்தும். 'பாவ்லுவான்' என்பதற்கு 'வன்கலகம்' எனலாம். அரசு ஆவணத்திலுள்ள 'ஃபெங்போ'வைப் 'படுகொலை' எனத் திருத்துவது உண்மைக்குத் துணைபோவதாகத் தோன்றினும், அரசு மறைத்த முறையையே மறைத்துவிடும். 'சலசலப்பு' என அதன் மென்மையைக் காத்தால்தான் சொல்லுக்கும் செயலுக்கும் இடையிலுள்ள தொலைவு வாசகர்க்குப் புலப்படும்.

தீர்ப்பை மாற்றுதலைச் சீனத்தில் 'பிங்ஃபான்' என்பர். 1976 ஏப்ரலில் அதே சதுக்கத்தில் நடந்த அஞ்சலிக் கூட்டம் எதிர்ப்புரட்சி எனப்பட்டு, 1978இல் புரட்சிச் செயலென மறுமதிப்பீடு பெற்றது. ஜூன் நான்குக்கும் அதுவே வேண்டுமென ஹாங்காங் விக்டோரியா பூங்காவில் 1990 முதல் 2019 வரை ஆண்டுதோறும் மெழுகுவத்தி ஏந்தினர். 2020இல் அக்கூட்டம் தடைசெய்யப்பட்டது.

மகனை இழந்த பேராசிரியை திங் ஸிலின் தொடங்கிய 'தியானன்மென் தாய்மார்' அமைப்பு உண்மை, இழப்பீடு, பொறுப்பேற்பு என மூன்றைக் கோரி வருகிறது. மாண்டோர் 200க்கு மேற்பட்டவரின் பெயர்களையும் அது திரட்டியுள்ளது. நிகழ்ச்சிக்குச் சூட்டிய பெயர்கள் ஆட்சியின் தேவைக்கேற்ப மாறின. மாண்டோரின் பெயர்கள் அவ்வாறு மாற்றத்தக்கவையல்ல. அப்பட்டியல் தொகுக்கப்பட்டதன் பயனும் அதுவே.